அரளியையும் நந்தியாவட்டையையும் மொட்டையடிக்கும் பச்சைப் புழு: முட்டை முதல் விட்டில் வரை கூடவே இருந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி. பூஜைக்குப் பூ வேண்டுமென்று யாங்கோனில் நம்மவர்கள் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது நிற்கும். ஆற்றைத் தாண்டி தான்லியின் பக்கம் தோட்டத்தோடு வீடு என்றால் மூன்றுமே இருக்கும். நகரத்துக்குள் மூன்றாம் மாடி என்றால் பால்கனியில் பழைய பெயின்ட் வாளியில் ஒரு நித்தியகல்யாணி. மழை பிடித்துச் செடி துளிர்விட்ட சில வாரங்களில், ஒரு நாள் காலையில் பார்த்தால் கொழுந்தெல்லாம் போய் வெறும் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆடு, மாடு அரளியில் வாய் வைக்காது. அப்படியானால் தின்றது யார்?

டாஃப்னிஸ் நீரியை என்ற விட்டிலின் புழு. அரளி விட்டில் என்றே இங்கே சொல்லிக்கொள்வோம். பருந்து விட்டில் (ஹாக் மாத்) குடும்பத்தைச் சேர்ந்தது இது. உலகில் சுமார் 1,450 வகை பருந்து விட்டில்கள் உண்டு. அவற்றில் அழகில் முதல் வரிசையில் நிற்பது இதுதான் என்பது என் கட்சி. 1758இல் இதற்குப் பெயர் வைத்த லின்னேயஸ், அரளியின் (நீரியம்) பெயரையே சூட்டினார். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, பர்மா தாண்டியும் இது வாழ்கிறது. கோடையில் ஐரோப்பாவுக்கும் பறந்து போகும். அங்கே குளிர்காலத்தைத் தாங்காமல் செத்துப்போகும். பர்மாவையும் சேர்த்து அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பருந்து விட்டில்களை பெல், ஸ்காட் என்ற இருவர் விரிவாகத் தொகுத்து 1937இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. விட்டிலுக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு பக்கமும் அரளி இருக்கிறது, அது போதும்.

இந்தப் புழுவுக்கு மருந்தடிப்பது எப்படி என்று தேடி வந்திருந்தால் இது உங்களுக்கான கட்டுரை இல்லை. அதன் வாழ்க்கை மொத்தத்தையும் ஐந்தாறு வாரத்தில் உங்கள் வாசலிலேயே பார்த்துவிடலாம். அதற்கு வழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன்: செடிதான் விஷம்

அரளியின் இலை, பூ, காம்பு, வேர் எல்லாமே விஷம். இலை வெட்டியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையல் கத்தியால் வெட்டாதீர்கள். கழித்த கிளைகளைக் கொளுத்தாதீர்கள், புகையும் ஆகாது. காம்பு ஊறிய பாட்டில் தண்ணீரைக் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் கொட்டிவிடுங்கள். நித்தியகல்யாணியும் சாதுவான செடி இல்லை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அதிலிருந்துதான் வருகின்றன என்றால் அதன் வீரியம் புரியும். நந்தியாவட்டைப் பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

புழுவைப் பற்றிப் பயம் வேண்டாம். உடம்பில் மயிர் கிடையாது, அரிக்காது, கடிக்காது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு கொட்டாது.

விஷத்தைத் தின்று எப்படிப் பிழைக்கிறது?

கோயில் நந்தவனத்தில் பூப்பறிக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, நாம ஒரு இலை தின்னா ஆஸ்பத்திரி. இது செடியையே தின்னுட்டுக் கொழுகொழுன்னு திரியுதே, எப்படி?”

சரியான கேள்வி. அரளியிலுள்ள ஒலியாண்ட்ரின் நம் உயிரணுக்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நொதியைப் பிடித்து முடக்கிவிடும். இதயம் தாளம் தப்புவது அதனால்தான். இதே வகை நஞ்சுள்ள எருக்கு இனச் செடிகளில் வளரும் மொனார்க் பட்டாம்பூச்சிக்கு அந்த நொதியே மாறிப்போயிருக்கிறது. நஞ்சு அதில் சரியாக ஒட்டாது. அதனால் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு, தின்ன வரும் பறவையை வாந்தியெடுக்க வைக்கிறது.

அரளி விட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். 2009இல் பெட்செங்கா, டோப்லர் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவர் சோதித்துப் பார்த்தபோது விடை வேறாக வந்தது. இதன் நொதி நஞ்சுக்கு நன்றாகவே அடிபடுகிறது. அப்படியானால் காப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். நரம்புத் தண்டைச் சுற்றியிருக்கும் உறை நஞ்சை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று 2013இல் அதே குழு காட்டியது. தின்ற நஞ்சு எச்சத்தோடு வெளியேறுவதையும் வேறு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக, இது நஞ்சைச் சமாளிக்கிறதே தவிர அதை ஆயுதமாக்கிக்கொள்ளவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் புழு செய்யும் மற்றதெல்லாம் விளங்கும். பறவைக்குக் கசக்கும் புழு பளிச்சென்ற வரிகளோடு வெளிச்சத்தில் உட்காரும். இதனால் அது முடியாது. ஒளிந்துதான் ஆக வேண்டும். எந்த வயதில் எங்கே ஒளிகிறது என்று தெரிந்தால்தான் உங்களால் கண்டுபிடிக்கவும் முடியும்.

முதல் படி: எப்போது, எந்தச் செடியில் தேடுவது

ஏப்ரலில் தின்ஜான் தண்ணீர்த் திருவிழா சமயத்து வெயிலில் தேடிப் பயனில்லை, செடியில் கொழுந்தே இருக்காது. மே நடுவில் மழை இறங்கியதும் புதுத் துளிர் வரும். அதிலிருந்து அக்டோபர் வாக்கில் வரும் தடின்ஜூ விளக்குத் திருவிழா வரைக்கும் நல்ல காலம். தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடி என்றால் அதற்குப் பிறகும் கிடைக்கும். பெரிய புதரைவிட, சுவரோரம் தனியாக நிற்கும் செடியை முதலில் பாருங்கள்.

மூன்று செடியில் எனக்குப் பிடித்தது நந்தியாவட்டை. இலை அகலம், புழு நன்றாகத் தெரியும், அரளி அளவுக்குப் பயமும் இல்லை. பால்கனிக்காரர்களுக்கு நித்தியகல்யாணி போதும். ஆனால் ஒரே தொட்டிச் செடி என்றால் பெரிய புழு இரண்டு நாளில் அதைக் காலி செய்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் படி: புழுவைத் தேடாதீர்கள், தரையைப் பாருங்கள்

இலைக்குள் இலையாக உட்கார்ந்திருக்கும் புழுவை நேராகத் தேடினால் கண்தான் வலிக்கும். குனிந்து செடியின் அடியைப் பாருங்கள். சிமெண்ட் தரையிலோ தொட்டி விளிம்பிலோ கரும்பச்சை உருண்டைகள் கிடக்கும். ஒன்றைக் குச்சியால் புரட்டினால், நீளவாக்கில் பள்ளங்கள் ஓடிய சின்னஞ்சிறு பீப்பாயாக இருக்கும். பருந்து விட்டில் புழுவின் எச்சம் என்பதற்கு அதுதான் அடையாளம். பல்லி, எலி எச்சத்துக்கு அந்தப் பள்ளம் கிடையாது. ஈரமாகப் பச்சையாக இருந்தால் இப்போது விழுந்தது. காய்ந்து கறுத்திருந்தால் பழையது. புதிது கிடக்கும் இடத்திலிருந்து நேர் மேலே பார்வையை ஏற்றுங்கள். மொட்டையான காம்பு தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழே ஆள் இருக்கும்.

மழை எச்சத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், செடிக்கடியில் ஒரு பழைய தட்டை இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்ப்பது சுலபம். இன்னொரு வழி, இரவு எட்டு மணிக்குமேல் டார்ச்சோடு போவது. பெரிய புழு இருட்டிய பிறகுதான் மேலே ஏறித் தின்னும். கரண்ட் போன இரவுகளை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், வேறு வேலைதான் இல்லையே.

மூன்றாம் படி: எந்தப் பருவம் என்று அடையாளம் காண்பது

முட்டை ஒன்றரை மில்லிமீட்டர்தான், வெளிர்பச்சை, லேசாகத் தட்டையானது. இளம் இலையில், மேலேயோ அடியிலோ, ஒவ்வொன்றாகத் தள்ளித்தள்ளி இட்டிருக்கும். குவியலாக இருந்தால் அது வேறு பூச்சி. நம் ஊர் வெப்பத்தில் மூன்று நான்கு நாளில் பொரியும்.

பொரிந்த புழு பச்சையாக இருக்காது, நல்ல மஞ்சள். மூன்று நான்கு மில்லிமீட்டர் உடம்பு; அதற்குப் பொருந்தாத நீளத்தில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கொம்பு. கொழுந்து இலையின் அடிநரம்போடு ஒட்டி உட்காரும். தின்னத் தொடங்கியதும் பச்சை ஏறும். நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கும். வளர வளரக் கொம்பு உடம்புக்கேற்ப நீள்வதற்குப் பதில் குறுகிக்கொண்டே வரும்; கடைசியில் ஆரஞ்சு மஞ்சளில், கீழே வளைந்த தடித்த குட்டைக் கொம்புதான் மிஞ்சும்.

கடைசிப் பருவப் புழு ஏழெட்டு சென்டிமீட்டர் போகும், சில அதற்கும் மேலே. பச்சை உடம்பில் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டைச் சுற்றிச் சிறு வெள்ளைப் புள்ளிகள். தலைக்குப் பின்னால் உடம்பின் மூன்றாம் வளையத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண் புள்ளி: நடுவில் நீலம் கலந்த வெள்ளை, சுற்றிக் கறுப்பு வளையம். சும்மா இருக்கும்போது அவை மடிப்புக்குள் பாதி மறைந்திருக்கும். செடியை லேசாக ஆட்டுங்கள். தலையை உள்ளுக்கு இழுத்து, முன்பக்கத்தை வளைத்து உப்ப வைக்கும். இரண்டு கண்ணும் சட்டென்று திறந்துகொள்ளும். மைனாவோ செம்போத்தோ ஒரு நொடி தயங்கினால் அதற்கு லாபம். வேறு ஆயுதம் ஏதும் இல்லாத பிராணிக்கு இது கடைசிப் பாதுகாப்பு. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்ப ஆட்டி வேடிக்கை பார்க்காதீர்கள்.

வேறு செடியில் கொம்புப் புழு கிடைத்தால் அது வேறு வகை. சர்க்கரைவள்ளிக் கொடியில் இருப்பது அக்ரியஸ் கன்வால்வுலி. கார்டினியாவில் இருப்பது பெரும்பாலும் பகலில் பறக்கும், கண்ணாடிச் சிறகுள்ள செஃபோனோடெஸ். மக்வே பக்கம் எள்ளுக் காட்டில் இருப்பது முதுகில் மண்டையோட்டுப் படம் உள்ள அகெரோன்ஷியா. இந்தக் கடைசி ஆள் தேன்கூட்டில் புகுந்து தேன் திருடுவான், பிடித்தால் கீச்சிடுவான். அவனுக்கே தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

நான்காம் படி: வீட்டில் வளர்ப்பது

இரண்டு மூன்று போதும். மற்றவை செடியிலேயே இருக்கட்டும். சின்னதாக இருக்கும்போது எடுப்பது நல்லது. பெரிய புழுவுக்குள் ஒட்டுண்ணி ஏற்கெனவே புகுந்திருக்கக்கூடும். புழுவைப் பிடித்து இழுக்கவே கூடாது. பின்கால்களால் அது காம்பைக் கவ்வும் பிடி அப்படி. கால் கிழிந்தாலும் விடாது. உட்கார்ந்திருக்கும் இலையோடு வெட்டியெடுங்கள்.

எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதையே கடைசிவரை கொடுங்கள். நந்தியாவட்டையில் பிறந்ததற்குப் பாதியில் அரளியைக் கொடுத்தால் தின்னாமல் அலையக்கூடும்.

சின்னப் புழுவுக்கு மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் டிஷ்யூ பேப்பர். இரண்டு சென்டிமீட்டர் தாண்டியதும் இடம் மாற்றுங்கள்: ஒரு தட்டில் தண்ணீர் பாட்டில், அதில் சொருகிய கிளை, மேலே சாப்பாட்டை மூடுகிற வலைக்கூடை. பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும்.

யாங்கோன் மழைக்காலத்தில் புழுவைக் கொல்வது பசியில்லை, ஈரம். டப்பாச் சுவரில் நீர் முத்து கட்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இலையைத் துடைத்துக் காயவைத்துக் கொடுங்கள், எச்சத்தைத் தினமும் எடுங்கள். புழு கறுத்து, கூழாகி, தலைகீழாகத் தொங்கினால் வைரஸ் நோய். அதை அப்படியே தூக்கிப் புதைத்துவிட்டு டப்பாவைக் கொதிநீரில் கழுவுங்கள்.

அடுத்த எதிரி எறும்பு. அலமாரிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைக்கும் பழைய வழக்கம்தான் இதற்கும் மருந்து. மூன்றாவது நாமே: கொசுவத்தி, கொசு ஸ்பிரே. டெங்கு காலத்தில் அவற்றை விட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புழு இருக்கும் அறையில் வேண்டாம். தெருவில் புகை மருந்து அடிக்க வரும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள். பூக்கடையில் வாங்கிய கிளையில் மருந்து இருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு நாள் புழு தின்னாமல், அசையாமல் உட்கார்ந்திருக்கும். நோய் என்று பயப்படாதீர்கள். தலையை உற்றுப் பாருங்கள்: பழைய தலை ஓடு சின்னதாக முன்னால் தள்ளியிருக்கும், அதன் பின்னால் கழுத்துப் பகுதி வீங்கியிருக்கும். அந்த வீக்கம்தான் புதுத் தலை. தோலுரிக்கப் போகிறது. கால்களை மெல்லிய பட்டு நூலில் ஊன்றிவைத்திருக்கும். அந்தப் பிடியிலிருந்து எடுத்துவிட்டால் உரிக்க முடியாமல் சாகும். இலை மாற்ற வேண்டுமானால் பழைய இலையோடு அப்படியே விட்டுப் புதுக் கிளையைப் பக்கத்தில் வையுங்கள். உரித்தபின் சில மணி நேரம் தலை வெளிறிப் பளபளக்கும். அதுவரையும் தொடக் கூடாது.

பொரிந்ததிலிருந்து இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகும். மொத்தத் தீனியில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். அந்த வாரத்துக்கு இலை கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பச்சை மாறும்போது

ஒரு நாள் பச்சை மங்கி, முதுகு கறுப்படித்து, உடம்பெல்லாம் பழுப்பாகும். இலையை விட்டுத் தரைக்கு இறங்கப்போகும் புழுவுக்குப் பச்சை உதவாது, சருகு நிறம்தான் வேண்டும். கடைசியாக ஈரமாக ஒரு எச்சம் போட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும். உண்மையிலேயே ஓட்டம்தான், இரவில் வலைக்கூடை விளிம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும், அதனால் மேலே ஒரு கல் வையுங்கள்.

அன்றே மூடியுள்ள பெரிய டப்பாவில் ஐந்து சென்டிமீட்டருக்குக் காய்ந்த சருகோ கிழித்த செய்தித்தாளோ போட்டு அதில் விட்டுவிடுங்கள். மண்ணுக்குள் ஆழமாகத் தோண்டிப் போகும் வகை இல்லை இது. சருகுகளைச் சில நூலால் இழுத்துக் கட்டி உள்ளே படுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் கூட்டுப்புழுவாகும். அதற்குள் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

ஆறாம் படி: கூட்டுப்புழு

ஆறு ஏழு சென்டிமீட்டர், வெளிர் பழுப்பு, பக்கவாட்டில் மூச்சுத்துளைகள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், முன்பக்கம் நாக்கு உறை மேலே ஒரு கறுப்புக் கோடு ஓடும். தொட்டால் வயிற்றை ஆட்டும். இந்தச் சமயத்தில் அதற்குத் தேவை நிழலும் லேசான காற்று ஈரமும்தான். தண்ணீர் தெளிக்க வேண்டாம். சுமார் இரண்டு வாரம், சில நாள் கூடக்குறைய.

விட்டிலுக்குப் பதில் டப்பாவில் ஈக்களோ குளவிகளோ பறந்தால், புழு சின்னதாக இருந்தபோதே டாக்கினிட் ஈயோ ஒட்டுண்ணிக் குளவியோ வேலையை முடித்துவிட்டது. ஏமாற்றம்தான். ஆனால் ஒவ்வொரு விட்டிலும் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டும் நம் அரளி இன்னும் உயிரோடு நிற்பதற்கு இவர்களும் ஒரு காரணம். கொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: விட்டில் வெளிவரும் இரவு

வெளிவருவதற்கு முன் கூடு கறுத்து, சிறகின் கோலம் தோல் வழியே தெரியும். உடனே டப்பாவுக்குள் பழைய கொசுவலைத் துண்டைச் சுவரோடு தொங்கவிடுங்கள். விட்டில் ஏறிப் பிடித்துத் தொங்க முடியாவிட்டால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும். பிறகு அது பறக்கவே பறக்காது. வெளிவந்ததும் ஒரு திரவம் விடும், இரத்தம் என்று நினைக்க வேண்டாம். சிறகு விரிவது விரைவில் முடியும். இறுகத்தான் பல மணி நேரம் ஆகும்.

காலையில் பார்த்தால் ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர் சிறகு விரிப்பு. கரும்பச்சை, இளம்பச்சை, நடுவே ரோஜா நிறம், வெள்ளை வளைவுகள். முன்சிறகு உடம்போடு சேரும் இடத்தில் வெள்ளைத் திட்டுக்குள் ஒரு கரும்பச்சைப் பொட்டு. முன்சிறகு நுனியில் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் அது டாஃப்னிஸ் ஹைப்போதௌஸ், இதன் நெருங்கிய சொந்தம். அதுவும் பர்மாவில் உண்டு.

அன்று பொழுது சாய்ந்ததும் செடிப்பக்கம் வையுங்கள். உடனே பறக்காது. சிறகை விரிக்காமல் நடுக்கும், நடுக்கிக்கொண்டே இருக்கும். நெஞ்சுத் தசை சூடேறினால்தான் அதனால் எழும்ப முடியும். திடீரென்று அந்த நடுக்கம் வீச்சாக மாறும், ஆள் போய்விடும். அந்தரத்தில் அசையாமல் நின்று பூவில் நாக்கை விடும் இந்தப் பறத்தலைத்தான் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இதே விட்டிலை அரளி இலையில் வளர்த்து ஆராய்கிறார்கள்: பறக்கும்போது உணர்கொம்பை எப்படி நிலைநிறுத்துகிறது என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று.

வீட்டில் வைத்துத் தேன் கொடுத்து வளர்க்கப் பார்க்காதீர்கள், டப்பாவில் அடித்துச் சிறகைக் கிழித்துக்கொள்ளும். திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டும் நேரத்தில் மல்லிகைப் பந்தல் பக்கம் நில்லுங்கள். ரங்கூன் மல்லிக் கொடி இருந்தால் இன்னும் நல்லது. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் சிவக்கும் பூ அது. வெள்ளையாக இருக்கும் முதல் இரவில் பருந்து விட்டில்கள் தேடி வருவது அதைத்தான். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டால் அவ்வளவாக மிரளாது.

செடியை என்ன செய்வது?

வேரூன்றிய நந்தியாவட்டையும் அரளியும் மொட்டையானதால் சாகாது. மொட்டைக் காம்பை ஒரு கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள், கொஞ்சம் எரு வையுங்கள், மழைக்காலமானால் சில வாரத்தில் திரும்பத் துளிர்க்கும். பூஜைக்குப் பூ குறையக் கூடாது என்றால் இரண்டு செடி இருக்கும் வீட்டில் ஒன்றிலுள்ள புழுக்களை இலையோடு இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம், இரண்டும் ஒரே வகைச் செடியாக இருக்க வேண்டும். சின்னத் தொட்டிச் செடியில் ஒரு புழுவுக்கு மேல் விடாதீர்கள். புதுத் துளிர் வந்ததும் இலைகளை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். அடுத்த முட்டை அதில்தான் இருக்கும்.